வாய்ப் புற்றுநோய்: அப்பா சாப்பிடாதது வலியாலா, மனச்சோர்வாலா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. இடது கன்னத்தின் உட்புறம் புற்றுநோய் என்று நான்கு மாதத்துக்கு முன்பு ஆபரேஷன் செய்தார்கள். பிறகு 30 ரேடியேஷன், வாரம் ஒரு கீமோ. எல்லாம் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. 64 கிலோ இருந்தவர் இப்போது 53 கிலோ. மூக்கில் போட்டிருந்த ட்யூபை ரேடியேஷன் முடிந்த மூன்றாம் நாளே அவராகப் பிடுங்கிவிட்டார். ஒரு நாளைக்கு நாலைந்து டம்ளர் அரிசிக் கஞ்சி, ஒரு இளநீர், அரை டம்ளர் பால், அவ்வளவுதான். டி.வி. பார்ப்பதில்லை. பேத்தி பக்கத்தில் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "எனக்குப் போய் எதுக்கு இவ்வளவு செலவு" என்கிறார். கெஞ்சிப் பார்த்த அம்மா இப்போது திட்ட ஆரம்பித்துவிட்டார். டாக்டரிடம் கேட்டால், "ரேடியேஷன் எஃபெக்ட்தான், நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்கிறார். மனநல மருத்துவர் என்று பேச்செடுத்தாலே, "நான் என்ன பைத்தியமா" என்று அப்பாவுக்குக் கோபம் வருகிறது. மனசு சரியில்லாததால் சாப்பிடவில்லையா, சாப்பிடாததால் மனசு இப்படி ஆகிவிட்டதா? எதை முதலில் பார்ப்பது?
(வாசகி, தர்மபுரி மாவட்டம்)

பதில்: இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்கத் தொடங்குங்கள். ஒன்று சரியானால் மற்றது தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில்தான் இந்த நோயில் பலருக்கும் மாதங்கள் வீணாகின்றன. சாப்பாடு இறங்காத உடம்பில் மனம் தேறுவது கடினம். மனம் தேறாதவர் வாயைத் திறக்கவே யோசிப்பார். இதில் பிடிவாதம் என்று சொல்லத்தக்கது மிகக் கொஞ்சம். புற்றுநோயும் ரேடியேஷனில் புண்பட்ட திசுவும் ரத்தத்தில் அழற்சிப் பொருள்களை விடுகின்றன. அவை மூளையில் பசியையும் அடக்கும், உற்சாகத்தையும் அடக்கும். கடும் காய்ச்சலில் யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுப்போமே, அது வாரக்கணக்கில் நீடித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறார் அப்பா.

முதலில் எடைக் கணக்கு. 64இல் 11 கிலோ போயிருக்கிறது, அதாவது 17 சதவீதம். ஒரு மாதத்தில் 5, ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தாலே கடும் ஊட்டக்குறைவு என்று எடுத்துக்கொள்வோம். அப்பா அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டார். "போகப்போகச் சரியாகும்" என்று வீட்டில் காத்திருக்கும் கட்டம் இது இல்லை. அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காமல் இந்த வாரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

போகுமுன் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு இன்றைக்கே வற்புறுத்தி நிறையச் சாப்பிட வைத்துவிடாதீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் 15 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவருக்குத் திடீரென்று முழு உணவு கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றும் சரியும். கால் வீக்கம், மூச்சிரைப்பு, படபடப்பு, குழப்பம் என்று போய் இதயத்துடிப்பே தடுமாறலாம். பட்டினி கிடந்த உடம்புக்குச் சோறே ஆபத்தாகும் நிலை இது. அதனால் ரத்தப் பரிசோதனை செய்து, முதல் உணவுக்கு முன்பே பி1 வைட்டமின் கொடுத்து, கிலோவுக்கு 10 கலோரி, அதாவது அப்பாவுக்கு 500 கலோரி அளவில் தொடங்கி, நான்கிலிருந்து ஏழு நாளில் முழு அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நாள்களில் ரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருப்பதால், மருத்துவமனையில் சேர்த்துச் செய்வதே நல்லது.

அடுத்து, அப்பாவுக்குச் சாப்பிட முடியவில்லையா, சாப்பிடப் பிடிக்கவில்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும். ஆனால் "முடியவில்லை" என்பதில் பாதியையாவது மருந்தால் சரிசெய்ய முடியும். அதைச் செய்யாமல் மனதைப் பற்றிப் பேசினால் அவருக்கு எரிச்சல்தான் வரும். டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். தயிர்த் திட்டு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, ஓரிரு வாரத்தில் அடங்கும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வாய்க்குள் போகிறதா? போகவில்லை என்றால் தாடை இறுகியிருக்கிறது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்து 30 விநாடி விரிக்கும் பயிற்சியை, ஒரு வேளைக்கு ஐந்து முறையாக, தினம் ஐந்து வேளை செய்யச் சொல்வார்கள். எப்போது தொடங்கலாம், எத்தனை குச்சி என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாள்பட விட்டால் தழும்பு இறுகி, பிறகு வாய் திறப்பது இன்னும் கடினம்.

தண்ணீர் குடித்தால் இருமுகிறாரா? சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா? சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா? அப்படியானால் உணவு நுரையீரல் பக்கம் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இப்படிப்பட்டவர்கள் சாப்பிடப் பயப்படுவது நியாயமான பயம். வாய்வழி கொடுப்பதை நிறுத்திவிட்டு, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் பயிற்சியாளரிடம் காட்டிய பிறகுதான் மேற்கொண்டு எதுவும். இன்னொன்று, யாரும் கேட்காத கேள்வி: மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று? வலிக்கு மார்ஃபினோ டிரமடாலோ எடுப்பவருக்கு மலச்சிக்கல் வரும். நான்கு நாள் போகாத வயிற்றில் பசி எடுக்காது, குமட்டல்தான் வரும். வலி மாத்திரை எழுதும்போதே மலமிளக்கியும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். சீட்டைப் பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பதிலும் பயனில்லை. அரை மணி, முக்கால் மணி முன்னதாகக் கொடுத்தால்தான் விழுங்கும் நேரத்தில் வலி அடங்கியிருக்கும். சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தே ஆக வேண்டிய மாத்திரை அதில் இருக்கிறதா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாய் கொப்பளிக்க, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டாம்.

ருசி பற்றி அப்பாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். எதைப் போட்டாலும் மண்ணாக இருக்கிறது என்பார். ரேடியேஷன் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் ருசி திரும்பத் தொடங்கும், முழுசாக வர ஒரு வருடம்கூட ஆகலாம். உமிழ்நீர் அதைவிட மெதுவாகத்தான் தேறும், சிலருக்கு முன்போல ஆவதே இல்லை. "ருசிக்காகச் சாப்பிடும் காலம் பிறகு வரும், இப்போதைக்கு இது மருந்து" என்று கடிகாரம் பார்த்துக் கொடுப்பதே நேர்மை. பசி எடுக்கட்டும் என்று காத்திருந்தால் பசி வராது.

இனி கஞ்சிக் கணக்கு. ஒரு டம்ளர் நீர்த்த அரிசிக் கஞ்சியில் 60 கலோரி இருந்தால் அதிகம். ஐந்து டம்ளருக்கு 300, இளநீர் 50, அரை டம்ளர் பால் 60. ஆக, நாள் முழுக்க அப்பா விழுங்குவது 400 கலோரி சொச்சம். அவருக்கு வேண்டியதோ கிலோவுக்கு 30 வீதம் 1600 கலோரி, புரதம் 65 முதல் 80 கிராம். வயிறு நிறைகிறது, உடம்பு கரைகிறது. புண்பட்ட வாயால் விழுங்கும் ஒவ்வொரு மடக்கும் கஷ்டம் என்பதால், அந்த மடக்கில் தண்ணீரை வைத்து வீணாக்கக் கூடாது.

ஒரு வேளைக்கான அளவு இது. கொழுப்பு நீக்காத பால் 200 மில்லி, சலித்த பொட்டுக்கடலை மாவு 15 கிராம், பால் பவுடர் 15 கிராம், சர்க்கரை இரண்டு டீஸ்பூன், தேங்காயெண்ணெயோ கடலையெண்ணெயோ ஒரு டீஸ்பூன். மிக்ஸியில் அடித்து வடிகட்டினால் கிட்டத்தட்ட 390 கலோரி, 14 கிராம் புரதம். முழு அளவுக்கு வந்தபின் இது நாளைக்கு நான்கு வேளை, கூடவே நன்றாக வேகவைத்து மசித்த முட்டை இரண்டு என்றால் 1700 கலோரி, 67 கிராம் புரதம் ஆகிவிடும். பால் ஒத்துக்கொள்ளாமல் பேதியானால் தயிரை அடித்துச் சேர்க்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரையை விட்டு எண்ணெயைக் கூட்டுங்கள். அதற்காகப் பட்டினி வேண்டாம், மாத்திரையையோ இன்சுலினையோ சரிசெய்துகொள்ளலாம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஏறியிருந்தால் அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தபின் புரத அளவை முடிவு செய்யுங்கள்.

கஞ்சிதான் இறங்கும் என்றால் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மாவைக் கூடுதலாகப் போட்டுக் கெட்டியாகக் கூழ் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது இந்த முளைமாவில் ஒரு டீஸ்பூன் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். முளையில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்து, கெட்டிக் கூழைத் தண்ணீர் ஊற்றாமலே இளக்கிவிடும். பிறகு ஒரு கொதி விட்டு இறக்குங்கள். அதே டம்ளரில் இரண்டு பங்கு மாவு போகும். கடைத் தின்பண்டங்களில் பிஸ்கட், ரொட்டி, காரம், புளிப்பு இப்போதைக்கு வேண்டாம். உமிழ்நீர் இல்லாத வாயில் உலர்ந்தது ஒட்டிக்கொள்ளும், மற்றவை எரியும்.

இவ்வளவு செய்தும் ஒரு வாரத்தில் தேவையில் பாதிகூடப் போகவில்லை என்றால் ட்யூப் வேண்டும். அதை அப்பா ஏன் பிடுங்கினார் என்று யாராவது கேட்டீர்களா? தொண்டை உறுத்தலா, மூக்கில் தொங்குவது அசிங்கமாக இருந்ததா, இரவில் எதுக்களித்ததா? எதுக்களித்தது என்றால் வேகமாக ஊற்றியிருப்பார்கள். 200 மில்லிக்கு 20, 30 நிமிடம் ஆக வேண்டும். தலைப்பக்கம் உயர்த்தியிருக்க வேண்டும், முடிந்தபின் ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டால் அடைக்காது. உறுத்தலும் கூச்சமும்தான் காரணம் என்றால், இன்னும் பல வாரம் தேவைப்படும் நிலையில், வயிற்றின் வழியே போடும் ட்யூபைக் கேட்கலாம். சட்டைக்குள் மறைந்துவிடும். "ட்யூப் போட்டால் அவ்வளவுதான், கடைசிக்கட்டம்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை யாராவது அவர் காதில் போட்டிருப்பார்கள். எடை ஏறி, வாய்வழி சாப்பிடத் தொடங்கியதும் எடுத்துவிடுவதுதான் இது. ட்யூப் இருந்தாலும், இருமல் இல்லை என்று உறுதியானபின், தினமும் நாலு வாய் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விழுங்கும் தசை வேலையில்லாமல் கிடந்தால் இறுகிப்போகும்.

இப்போது மனதுக்கு வருவோம். மனச்சோர்வு என்று கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பசியின்மை, தூக்கமின்மை, அசதி, எடைக்குறைவு எல்லாம் மனச்சோர்வின் அறிகுறிகள்தான். ஆனால் புற்றுநோயும் ரேடியேஷனும் இவற்றை அப்படியே உண்டாக்கும். அதனால்தான் "ரேடியேஷன் எஃபெக்ட்" என்று தள்ளிவிட முடிகிறது. உடம்பால் வராத அறிகுறிகளைத்தான் தேட வேண்டும். வலியால் மட்டும் சாப்பிடாதவர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார், மழை பெய்ததா என்பார், பேத்தியைப் பார்த்தால் கண்ணாவது சிரிக்கும், நம்மேல் கோபமாவது படுவார். உங்கள் அப்பா பேத்தியிடமிருந்து முகத்தைத் திருப்புகிறார், தனக்குச் செய்யும் செலவு வீண் என்கிறார். ஆர்வம் அற்றுப்போவதும் தன்னைச் சுமையாக நினைப்பதும் வாய்ப்புண்ணால் வருவதில்லை. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்திருந்தால், அது மனச்சோர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மருத்துவர்கள் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுமையாக ஆராய வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று மந்தமாகி, நேரம் காலம் தெரியாமல் உளறினால் அது மனச்சோர்வு இல்லை. சோடியம் குறைந்திருக்கலாம், தொற்று இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

புகையிலை, பாக்கு போட்டுத்தான் இது வந்தது என்றால் குற்றவுணர்வு இன்னும் ஆழமாக இருக்கும். "நானே இழுத்துக்கிட்டது" என்று சொல்லாமலே நினைப்பார்கள். முகம் மாறியிருக்கிறது, எச்சில் ஒழுகுகிறது, பேசினால் புரியவில்லை. நாலு பேர் முன்னால் சாப்பிடக் கூசுவதும் அதனால்தான். அவர் விரும்பினால் தனியாகச் சாப்பிடட்டும், கையருகே ஒரு துண்டு வையுங்கள். பேச்சு புரியாதபோது புரிந்தமாதிரி தலையாட்டாமல் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள், அல்லது எழுதச் சொல்லுங்கள்.

அம்மாவின் திட்டு பயத்தில் வருவது. ஆனால் வேலை செய்யாது. ஆஸ்திரேலியாவில் ஐந்து மருத்துவமனைகளில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு (வாய்ப் புற்றுநோயும் இதில் அடங்கும்) ரேடியேஷன் எடுத்த 307 பேரிடம் ஒன்றைச் சோதித்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். உணவு ஆலோசகர்களுக்கே மனநல உரையாடல் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். சாப்பிடு என்று சொல்லாமல், கேட்டுப் பேசும் முறை. ஊட்டநிலை தேறியது, மனச்சோர்வும் குறைந்தது, ரேடியேஷன் நடுவில் நின்றுபோவதும் குறைந்தது. அதை உங்கள் வீட்டுக்கு மாற்றினால் இப்படி இருக்கும். "ஏன் சாப்பிடலை?" என்பதற்குப் பதில், "இன்னைக்கு எது கொஞ்சம் சுலபமா இறங்குச்சுப்பா?" "ஒரு டம்ளர் குடிச்சுத்தான் ஆகணும்" என்பதற்குப் பதில், "பதினொரு மணிக்கு ஒன்னு, ரெண்டு மணிக்கு ஒன்னு, கால் டம்ளர் போதுமா, அரை டம்ளரா?" அளவை அவரே சொல்லட்டும், அவர் கையாலேயே நோட்டில் எழுதட்டும். உடம்பில் எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்துகொண்டிருக்கும் வேளையில், இது ஒன்றாவது அவர் கையில் இருக்கும். சாப்பாட்டைத் தவிர வேறு எதையாவது தினமும் அவரோடு பேசுங்கள். இல்லையென்றால் யார் அறைக்குள் வந்தாலும் டம்ளரோடுதான் வருகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொள்வார்.

மருந்து என்று வந்தால், மனச்சோர்வுக்கும் எடைக்கும் ஒருசேர உதவக்கூடியதாக மிர்டாசபின் இருக்கிறது. இரவில் 7.5 அல்லது 15 மில்லிகிராமில் தொடங்குவார்கள். நாக்கில் கரையும் மாத்திரையாகவும் கிடைக்கிறது, வறண்ட வாயை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். தூக்கமும் பசியும் முதல் வாரத்திலேயே கொஞ்சம் தெரியலாம். மனம் தெளிய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு ஆறு. பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். எஸ்சிடலோபிராமும் நல்ல மருந்துதான். அமெரிக்காவில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 148 பேரிடம் மனச்சோர்வு வருமுன்னரே அதைக் கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 24.6 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு வந்தது, மருந்து எடுத்தவர்களில் 10 சதவீதத்தினருக்குத்தான் வந்தது. ஆனால் அது தொடக்கத்தில் குமட்டலைத் தரலாம், வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரானோடு சேர்ந்தால் இதயத்துடிப்பின் தாளத்தைப் பார்க்க ஈ.சி.ஜி. தேவைப்படலாம். அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து காய்ந்த வாயை இன்னும் காயவைக்கும். மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் டிரமடாலோடு ஒத்துப்போகாது, நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். அதனால் எல்லா மருந்துச் சீட்டையும் எடுத்துப்போய் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

மெடிக்கலில் கேட்டுப் பசி சிரப் வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் இருக்கும் சைப்ரோஹெப்டடின் வாயை உலர்த்தும், புற்றுநோய் எடைக்குறைவில் பெரிதாக உதவாது. ஒலான்சபின் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதுச்சேரி ஜிப்மரில் நடந்த ஆய்வில் தினம் 2.5 மில்லிகிராம் கீமோ நோயாளிகளுக்குப் பசியையும் எடையையும் நன்றாகக் கூட்டியது உண்மை. ஆனால் அவர்கள் இரைப்பை, ஈரல்–கணையம், நுரையீரல் புற்றுநோயாளிகள். அப்பாவுக்குப் பொருந்துமா என்பதை அவருடைய டாக்டர் சொல்ல வேண்டும்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள். புற்றுநோய் வகைகளில் தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ளவர்களிடம் தற்கொலை கூடுதலாக நடக்கிறது. "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலானோருக்கு, கேட்டுவிட்டார்களே என்று ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனை. பதில் எதுவானாலும் வலி மாத்திரைகளை மொத்தமாக அவர் கையில் கொடுக்காமல் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். மனநல உதவிக்கான டெலி மனாஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய தொலைபேசி எண்கள் இரண்டும் கட்டணமில்லாதவை, தமிழில் பேசுவார்கள். நீங்களோ அம்மாவோ உங்களுக்காகவும் அழைக்கலாம்.

"பைத்தியமா" என்ற கோபத்துக்கு விளக்கம் சொல்லி வாதாட வேண்டாம். "தூக்கத்துக்கும் பசிக்கும் மருந்து எழுதுற டாக்டர்" என்றே சொல்லுங்கள். அது பொய்யில்லை, முதலில் தேறப்போவதும் அவைதான். புற்றுநோய் டாக்டரிடமே, "நீங்களே அனுப்பி வைத்தமாதிரி சொல்லுங்கள்" என்று முன்கூட்டிக் கேட்டுக்கொண்டால் இன்னும் எளிது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு, வேறெங்கும் அலைய வேண்டாம். மனச்சோர்வு மாத்திரை போதைப் பழக்கம் ஆகாது. தெளிந்தபின்னும் ஆறு மாதமாவது தொடர்ந்துவிட்டு, டாக்டர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தூங்குவதற்கென்று அல்பிரசோலம் மட்டும் தானாக வாங்கித் தராதீர்கள். மார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும்.

வாரம் ஒருமுறை, அதே தராசில், காலையில் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் மனம்தான் ஊசலாடும். முதல் இரண்டு வாரத்தில் எடை இறங்காமல் நின்றாலே நல்ல அறிகுறி, அதன்பின் வாரத்துக்குக் கால் கிலோ, அரை கிலோ ஏறினால் போதும். சாப்பாடு நன்றாகப் போயும் எடை இறங்கினாலோ, கழுத்தில் புதிதாகக் கட்டி, ரத்தக் கசிவு, கூடிக்கொண்டே போகும் காதுவலி இருந்தாலோ புற்றுநோய் டாக்டர் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். கழுத்து ரேடியேஷனில் தைராய்டும் நாளடைவில் மந்தமாகலாம். ரேடியேஷன் முடிந்த ஆறாவது மாதத்திலிருந்து, ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். நன்றாகத் தேறி வந்தவர் அப்போது மறுபடி சுணங்கினால், மனச்சோர்வு மாத்திரையைக் கூட்டுமுன் அந்த ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.